பூட்டுள்ள எலிமருந்துப் பெட்டி: நாய்க்குச் சரி, பூனைக்கு?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எலித் தொல்லை இல்லாத தெரு எது? எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், பக்கத்தில் கோழிக்கூடு. கேட்கவே வேண்டாம். நாயும் பூனையும் வளைய வருகிற இடத்தில் எலிமருந்தைச் சும்மா மூலையில் வைக்க முடியாது என்றுதான் இந்தப் பெட்டியை வாங்கினேன். கறுப்பு பிளாஸ்டிக், செருப்பு டப்பா அளவு, இருநூறு ராண்டுக்குள்.

உள்ளே நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். எலி நுழைய ஓட்டை, அதையடுத்து ஒரு தடுப்பு, தடுப்புக்கு அப்பால் இரும்புக் கம்பி. மருந்துக் கட்டியை அந்தக் கம்பியில் கோத்துவிட வேண்டும். நாய் மூக்கை நுழைத்தாலும் எட்டாது. எலியும் முழுக் கட்டியை இழுத்துக்கொண்டு போய் முற்றத்தில் போட்டுவிட முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கம்பிதான்.

பிடிக்காதது, எடை. பெட்டி காற்றாக இருக்கிறது. எங்கள் ராஜா அதைக் கவ்வி உதறியதில் கட்டி நொறுங்கி ஓட்டை வழியாகத் தூள் கொட்டியது. நல்லவேளை, மச்சான் பக்கத்திலேயே இருந்தார். நாயை விரட்டிவிட்டு, பெட்டியை ஒரு சிமெண்ட் பலகையில் திருகாணி போட்டு முடுக்கினார். திருகாணியைக் கடைக்காரர் தரவில்லை. சாவியோ இரண்டு பல் உள்ள பிளாஸ்டிக் துண்டு, தொலைந்தால் தனியாகக் கிடைக்காது.

சரி, நாய்க்குக் காவல் ஆயிற்று. பூனைக்கு? கட்டியில் இருப்பது பிரோடிஃபாக்கூம், ரத்தத்தை உறையவிடாத மருந்து. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அப்படிப்பட்ட எலி என்றால் பூனைக்குக் கொண்டாட்டம்தானே! எலி வயிற்றில் இருக்கிற விஷம் பூனைக்கும் போகும், ஆந்தைக்கும் போகும். தின்ற முதல் ஓரிரு நாள் பிராணி நன்றாகவே இருக்கும், அப்புறம்தான் ஈறு வெளுத்து மூச்சு வாங்கும். வைட்டமின் கே1 மாற்று மருந்து உண்டு, ஆனால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். தின்றிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, எலிமருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அவர் வைத்தியத்தை முடிவு செய்ய முடியும்.

அதனால் கட்டியை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு ஸ்ப்ரிங் எலிப்பொறி வைத்துக் கடலை வெண்ணெய் தடவுகிறேன். பெட்டிக்குள் இருப்பதால் பூனையின் கால் மாட்டாது. தினம் காலையில் திறந்து பார்க்கிற வேலை ஒன்று கூடிவிட்டது, போகட்டும்.

தெருவில் பேர் போடாத பொட்டலத்தில் விற்கிற கறுப்புக் குருணையை மட்டும் இதில் வைக்காதீர்கள். அது பெரும்பாலும் டெர்புஃபாஸ், வயலுக்கான பூச்சிமருந்து. 2024இல் சொவேட்டோவில் ஆறு குழந்தைகள் அதனால்தான் இறந்தார்கள். 2025இல் அரசு அதைத் தடை செய்ய முடிவெடுத்தது.

வாங்கப் போனால் கடையிலேயே மூடியைத் திறந்து, பொறி வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகளில் கம்பி மட்டும்தான் இருக்கிறது.