சுங்கை சிப்புட் துப்பாக்கி விளையாட்டுக் கூடம்: பழைய இயந்திரங்களுக்கு முழு மதிப்பெண், மெய்நிகர் பகுதிக்கு இன்னும் வெளிச்சம் தேவை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகரின் பழைய கடைவீட்டு வரிசை ஒன்றில், தையல் கடைக்கு மேலுள்ள மாடியில், துப்பாக்கி விளையாட்டுகளுக்கென்றே ஒரு கூடம் நடந்து வருகிறது. மீன் சுடும் மேசைகளோ பொம்மை தூக்கும் பெட்டிகளோ இங்கே கிடையாது. காசு போட்டுத் திரையை நோக்கிச் சுடும் இரண்டு பெரிய ஆர்கேட் இயந்திரங்கள், மூலையில் ஒரு பழைய தொலைக்காட்சியோடு இணைத்த வீட்டு விளையாட்டுப் பெட்டி, தலையில் கருவியை மாட்டிக்கொண்டு ஆடும் மெய்நிகர் விளையாட்டுக்கு இரண்டு இடங்கள் ஆகியவையே இதன் சொத்து. கமுனிங், எல்பில், டோவன்பி தோட்டப் பக்கங்களிலிருந்து வார இறுதிகளில் வரும் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும், ஈப்போ வரை போய்ப் பேரங்காடியில் பணம் கரைக்காமல் ஆடுவதற்கு இப்படி ஓர் இடம் கிடைத்திருப்பது பெரிய காரியம்.

இத்தகைய கூடத்தை மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, துப்பாக்கியின் முனை நோக்கும் இடத்தில்தான் குண்டு விழுகிறதா என்பதையே. விளக்கு அலங்காரமும் திரையின் அகலமும் அதற்குப் பிறகுதான். குறி இரண்டு விரற்கடை விலகியிருக்கும் இயந்திரத்தில் ஆடுகிறவர் சுடக் கற்றுக்கொள்வதில்லை. விலகலைச் சமாளிக்கத்தான் கற்றுக்கொள்கிறார். நகரத்துப் பேரங்காடிகளில் பளபளப்பான இயந்திரங்கள் பல இந்தக் குறையோடே மாதக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சிறு கூடத்தில் அந்தக் குறை இல்லை என்பதே இதைப் பற்றி எழுத முதற்காரணம்.

நுழைந்ததும் எதிர்ப்படுவது நாம்கோ நிறுவனம் 1997இல் வெளியிட்ட 'டைம் கிரைசிஸ் 2'. இருவர் அருகருகே நின்று ஆடும் இரட்டை இயந்திரம் இது. ஒவ்வொருவருக்கும் தனித் திரையும், தனித் துப்பாக்கியும், காலடியில் ஒரு மிதியும் உண்டு. மிதியை அழுத்தினால் மறைவிலிருந்து வெளியே வந்து சுடலாம். காலை எடுத்தால் மறைவுக்குள் பதுங்கிக் குண்டுகளை நிரப்பிக்கொள்ளலாம். ஒவ்வொரு சூட்டுக்கும் துப்பாக்கியின் மேற்பகுதி பின்னோக்கி அடித்துக் கையை அதிரச் செய்யும். சுடுவதற்குக் கை, பதுங்குவதற்குக் கால், இடையில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் என்று மூன்றையும் ஒருசேர இயக்க வைக்கும் இந்த அமைப்பைவிடச் சிறந்த ஒன்றை, அதன்பின் வந்த எந்தத் திரைத் துப்பாக்கி விளையாட்டிலும் நான் கண்டதில்லை.

இந்த இயந்திரத்தின் குறி ஏன் இவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதில் இருப்பது பழைய தொலைக்காட்சிகளில் இருந்த குழாய்த் திரை. அதில் படம் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. எலக்ட்ரான் கற்றை ஒன்று மேலிடது மூலையில் தொடங்கி, வரிவரியாக இடமிருந்து வலமாக ஓடி, ஏறத்தாழ அறுபதில் ஒரு நொடிக்குள் முழுத் திரையையும் வரைந்து முடிக்கிறது. துப்பாக்கிக் குழலுக்குள் ஒரு கண்ணாடி வில்லையும், அதன் பின்னே ஒளியை உணரும் சிறு உறுப்பும் இருக்கின்றன. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் வெளுக்கிறது. துப்பாக்கி நோக்கும் புள்ளியைக் கற்றை கடக்கும் அதே கணத்தை அந்த உறுப்பு உணர்ந்து தெரிவிக்கிறது. கற்றை புறப்பட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதிலிருந்து அது எந்த வரியில், எந்த இடத்தில் இருந்தது என்று இயந்திரம் கணக்கிட்டுவிடுகிறது. துப்பாக்கி எதையும் எய்வதில்லை. திரையிலிருந்து வரும் ஒளியை வாங்குவது மட்டுமே அதன் வேலை. ஆகவே வில்லையில் தூசி படிந்தாலோ, திரையின் பிரகாசம் மங்கினாலோ, சன்னல் வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறித்தாலோ குறி கெட்டுப்போகும்.

இதை நன்கு அறிந்தவர்கள் இந்தக் கூடத்தை நடத்துகிறார்கள். சன்னல்களுக்குக் கனத்த கருந்திரை போட்டிருக்கிறார்கள். திரைக்கு எதிரே எந்த விளக்கும் இல்லை. ஒரு சிறுமி, "அண்ணே, இடது பக்கத் துப்பாக்கி ஓரத்துல படவே மாட்டேங்குது" என்று சொன்னவுடன், பொறுப்பிலிருந்த இளைஞர் சாக்குப்போக்குச் சொல்லாமல் எழுந்து வந்தார். குழலுக்குள் மெல்லிய துணியைவிட்டுத் துடைத்தார். இயந்திரத்தின் சோதனைத் திரைக்குப் போய்க் குறியைத் திருத்தினார். ஓரங்களில் தாமே சுட்டுப் பார்த்த பிறகு, அவளுடைய ஆட்டத்தைக் காசில்லாமல் மறுபடி தொடங்கிக் கொடுத்தார். குழாய்த் திரைகளை இப்போது புதிதாக வாங்க முடியாத நிலையில், ஒரு தோட்டப்புற நகரத்தில் இந்த அக்கறை தொடர்வதைப் பாராட்டியே தீர வேண்டும். வலப்பக்கத் திரையில் மட்டும் இருட்டான காட்சிகள் சற்றுச் சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. திரைக்கு வயதாகிவிட்டதன் அடையாளம் அது. ஆட்டத்தை அது கெடுக்கவில்லை.

மூலையில் இருக்கும் வீட்டுப் பெட்டியை யாரும் அலட்சியமாகக் கடந்து போக வேண்டாம். எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற பெயரே போதும். நிண்டெண்டோ பெட்டியின் விளையாட்டுகளை ஆடக்கூடிய அந்தப் பெட்டி தோட்டத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. நிண்டெண்டோ 1984இல் வெளியிட்ட 'டக் ஹண்ட்' வாத்துச் சுடும் விளையாட்டை இங்கே ஐம்பது சென்னுக்கு ஆடலாம். இதன் துப்பாக்கி வேலை செய்யும் விதம் இன்னும் எளிமையானது. விசையை இழுத்ததும் திரை முழுவதும் கறுக்கிறது. அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றுகிறது. முதலில் இருட்டும் பிறகு வெளிச்சமும் தெரிந்தால்தான் வாத்து விழும். துப்பாக்கியை எரியும் விளக்குக்கு நேரே பிடித்து ஏமாற்ற முடியாது. இந்தச் சிந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1936இல் அமெரிக்காவின் சீபர்க் நிறுவனம் உருவாக்கிய 'ரே-ஓ-லைட்' விளையாட்டில் துப்பாக்கி ஒளியை வீசியது, பொம்மை வாத்தின் உடலில் ஒளியுணரும் உறுப்பு இருந்தது. திரை வந்த பிறகு ஒளியின் திசை தலைகீழாகிவிட்டது.

தட்டைத் திரைத் தொலைக்காட்சிகள் வந்ததும் வீடுகளில் இந்தத் துப்பாக்கிகள் ஊமையாகிவிட்டதற்குக் காரணமும் அவை திரையின் ஒளியை நம்பியிருந்ததுதான். தட்டைத் திரைகளில் ஓடும் கற்றை இல்லை. படம் காட்டுவதில் ஏற்படும் சிறு தாமதமே கணக்கைக் குலைத்துவிடுகிறது. கூடத்திலுள்ள மற்றொரு பெரிய இயந்திரம் இந்த மாற்றத்துக்குப் பிந்தியது. சேகா நிறுவனம் 2005இல் வெளியிட்ட 'தி ஹவுஸ் ஆஃப் த டெட் 4' அது. கைத்துப்பாக்கிக்குப் பதிலாகத் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கியைத் தருகிறார்கள். குண்டு நிரப்ப அதைக் குலுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதன்மேல்தான் மோகம் அதிகம். எனக்கு இது இரண்டாம் தரமாகவே படுகிறது. விசையை விடாமல் பிடித்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடுவதால், குறிபார்க்கும் பொறுமைக்கு இதில் இடம் குறைவு. அழுகிய பிணங்கள் எழுந்து வரும் காட்சிகள் நிறைந்திருப்பதால் சிறு குழந்தைகளை இதன் அருகே நிறுத்தாமல் இருப்பது நல்லது.

மெய்நிகர் பகுதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதற்குத்தான் இங்கே அதிகப் பணம் வாங்குகிறார்கள். பயன்படுத்தும் கருவி 2020இல் வெளிவந்த 'குவெஸ்ட் 2'. திரைத் துப்பாக்கி விளையாட்டில் இயந்திரத்துக்குத் தெரிவது திரையில் நாம் நோக்கும் ஒரு புள்ளி மட்டுமே. மெய்நிகரில் துப்பாக்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது, நம் தலை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வருகிறது. அதனால் ஒரு கண்ணை மூடிக் குறிமுனையை உண்மையாகவே பார்த்துச் சுடலாம். பறந்து வரும் குண்டிலிருந்து உடலை வளைத்துத் தப்பலாம். 'ஸ்பேஸ் பைரேட் டிரெயினர்' விளையாட்டில் எதிரே மிதக்கும் இயந்திரங்களை இரு கைகளாலும் சுட்டபடி குனிந்து நிமிரும்போது, எந்த ஆர்கேட் பெட்டியும் தராத ஓர் அனுபவம் கிடைக்கிறது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்தக் கருவிக்கு வெளிச்சம் வேண்டும். அதன் முகப்பிலுள்ள நான்கு கேமராக்கள் அறையின் சுவர், தரை, பொருள்களைப் பார்த்தே நாம் நிற்கும் இடத்தை அறிகின்றன. கையிலுள்ள கருவிகளின் வளையத்தில் எரியும் அகச்சிவப்பு விளக்குகளையும் அவைதான் பின்தொடர்கின்றன. குழாய்த் திரைக்காக இருட்டாக்கிய அதே கூடத்தில், ஒரு துணித் தடுப்புக்கு அப்பால், கரும் பூச்சுப் பூசிய வெற்றுச் சுவர்களுக்கு நடுவே இதை வைத்திருக்கிறார்கள். விளைவாக, ஆட்டத்தின் நடுவே தரை திடீரென்று நகர்கிறது. கையிலுள்ள துப்பாக்கி ஒரு கணம் காணாமற்போய் வேறிடத்தில் முளைக்கிறது. பழைய துப்பாக்கிக்கு உயிர் கொடுக்கும் இருட்டே புதிய துப்பாக்கியின் கண்ணைக் கட்டிவிடுகிறது. பின்பக்கத்தில் பொருள்கள் அடுக்கி வைத்திருக்கும் அறையை ஒழித்து, வெள்ளை மின்குழல் இரண்டைப் போட்டு, சுவரில் சில படங்களை ஒட்டி, மெய்நிகர் பகுதியை அங்கே மாற்றினால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பொறுப்பாளரிடம் இதைச் சொன்னபோது அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது குறை, கைக்கருவிகள் இரண்டையும் பொருத்திக்கொள்ளும் நெகிழித் துப்பாக்கிச் சட்டம். தோளில் அணைத்துப் பிடிக்க வசதியாக இருந்தாலும், கைகள் ஒன்றையொன்று மறைத்து முகத்தை ஒட்டி வரும்போது கேமராக்கள் ஒரு கையைத் தவறவிட்டுவிடுகின்றன. படத்தில் தெரியும் துப்பாக்கியின் சாய்வும் கையிலுள்ள சட்டத்தின் சாய்வும் ஒத்துப்போகவும் இல்லை. சட்டத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு வெறும் கைக்கருவிகளோடு ஆடுவதே மேல். 'பிஸ்டல் விப்' ஆட விரும்புகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுப் பெற வேண்டும்: இசையின் தாளத்துக்கு ஏற்பச் சுடும் அந்த விளையாட்டு, இயல்பாகவே நம் குறியைத் தாராளமாகத் திருத்திக் கொடுத்துவிடும். 'டெட்ஐ' என்ற அமைப்பைப் போடச் சொன்னால் அந்த உதவி நின்று, சொந்தக் குறி எவ்வளவு தேறுகிறது என்பது தெரியும்.

ஆர்கேட் ஆட்டம் ஒருவருக்கு இரண்டு ரிங்கிட். மெய்நிகர் இருபது நிமிடத்துக்குப் பதினைந்து ரிங்கிட். முன்னது நியாயமான விலை. பின்னதற்கு, அறை மாறும்வரை, பத்துக்கு மேல் கேட்பது அதிகம் என்று நினைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் பிறகு மெய்நிகர் கருவியின் முகப்பட்டையைத் துடைக்கிறார்கள், காகித உறையும் தருகிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது போதாது, மாற்றுப் பட்டைகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். குவெஸ்ட் கருவியைத் தயாரிக்கும் மெட்டா நிறுவனம் முன்பு அதற்கு 13 வயது வரம்பு வைத்திருந்தது; 2023இல் பெற்றோர் மேற்பார்வையிலுள்ள கணக்கோடு 10 வயதிலிருந்து அனுமதித்தது. இந்தக் கூடத்தில் 13 வயதுக்குட்பட்டவர்களைப் பெற்றோர் உடனிருந்தால்தான் மெய்நிகர் பகுதிக்குள் விடுகிறார்கள். பள்ளிச் சீருடையோடு வருகிறவர்களுக்கு எந்த இயந்திரத்திலும் இடமில்லை. இரண்டும் சரியான ஏற்பாடு. பெண்பிள்ளைகள் தயக்கமின்றி வந்து ஆடுவதற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணமாக இருக்கலாம். அக்காளும் தங்கையுமாக 'டைம் கிரைசிஸ் 2' ஆடிய இருவர், நான் பார்த்த எந்த இளைஞர் இணையையும்விட அதிக தூரம் போனார்கள்.

திங்கட்கிழமை விடுமுறை. சனிக்கிழமை மாலையில் இரட்டை இயந்திரத்துக்கு வரிசை நீளும் என்பதால், நிதானமாக ஆட விரும்புகிறவர்கள் வார நாளில் மதிய உணவுக்குப் பிறகு போவது நல்லது. முதலில் வாத்துகளைச் சுட்டுக் கையைப் பழக்கிக்கொண்டு, பிறகு 'டைம் கிரைசிஸ் 2'க்கு வாருங்கள். தனியாகப் போகிறவர்கள் திரை தெளிவாக இருக்கும் இடப்பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.