சுடாத நேரத்தில் சிப்பாய் என்ன செய்கிறான்? மூன்று ஆவணப்படங்கள்

போர்முனையில் பெரும்பொழுது காத்திருப்பதிலேயே கழிகிறது. அந்தச் சலிப்பை எந்தப் படம் ஒளிக்காமல் காட்டுகிறது என்பதுதான் எனக்கு உரைகல்.

'ரெஸ்ட்ரெப்போ' (2010) அதில் முந்துகிறது. செபாஸ்டியன் யுங்கரும் டிம் ஹெதரிங்டனும் 2007-08இல் ஆப்கானிஸ்தானின் கோரெங்கல் பள்ளத்தாக்கில் அமெரிக்கச் சிப்பாய்களோடு தங்கி எடுத்தது. விளக்கக் குரல் கிடையாது. மல்யுத்தம் போடுகிறார்கள், பாட்டுக்கு ஆடுகிறார்கள், திடீரென்று சுடுகிறார்கள். முள்கம்பியில் சிக்கிய பசு ஒன்றைக் கொன்றுவிட, ஊர்ப் பெரியவர்கள் இழப்பீடு கேட்டு மலையேறி வருகிறார்கள். பணம் கிடையாது, பசுவின் எடைக்கு அரிசியும் பீன்ஸும் சர்க்கரையும் தருகிறோம் என்று பதில் வருகிறது. அந்தப் போர் ஏன் இழுத்துக்கொண்டே போனது என்று எனக்கு விளங்கியது இந்தப் பேரத்தில்தான்.

அதே ஆண்டில் வந்த டென்மார்க் படம் 'அர்மடில்லோ', ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்து முகாம் ஒன்றைப் பற்றியது. ஒளிப்பதிவு அபாரம், அதுவே உறுத்துகிறது. கதைப்படம் பார்க்கிறோமோ என்ற சந்தேகம் கடைசிவரை விடுவதில்லை. ஆனால் ஒரு மோதலுக்குப் பிறகு அங்கிருந்த டென்மார்க் சிப்பாய்கள் பேசிக்கொள்ளும் விதத்தை மறைக்காத துணிச்சல் பெரிது. டென்மார்க்கில் அது பெரும் சர்ச்சையானது.

பீட்டர் ஜாக்சனின் 'தே ஷால் நாட் குரோ ஓல்ட்' (2018) வேறு வகை. முதல் உலகப் போரின் ஊமைப்படச் சுருள்களுக்கு நிறம் ஏற்றி, உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு பேச்சையும் மீட்டிருக்கிறார்கள். பழைய படத்துக்குச் சாயம் பூசுவது எனக்குப் பிடிக்காத வேலை. இங்கே வாயடைத்துப் போனேன். பேன் தொல்லை, நீள்கட்டையில் வரிசையாக உட்கார்ந்து மலம் கழிப்பது, இயந்திரத் துப்பாக்கியைக் குளிர்விக்கும் நீர் கொதித்ததும் அதிலேயே தேநீர் போடுவது என்று அன்றாடத்தின் நுணுக்கத்தில் மற்ற இரண்டும் இதற்கு ஈடில்லை. நேரடித் தாக்குதலுக்குப் படச்சுருள் இல்லாத இடத்தில் அக்காலப் பத்திரிகை ஓவியங்களை வைத்தார்கள், அது நேர்மை. குறை ஒன்றுதான்: முதுமையில் தங்கள் நினைவுகளைச் சொல்லும் முன்னாள் சிப்பாய்களின் குரல்தான் படம் முழுக்க ஒலிக்கிறது, ஆனால் பேசுவது யார் என்று படம் ஓடும்போது சொல்வதில்லை. 'ரெஸ்ட்ரெப்போ'வில் ஒவ்வொரு முகமும் பழகிவிடுகிறது. இங்கே எல்லாம் ஒரே கிழட்டுக் குரலாகக் கரைகின்றன.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் 'ரெஸ்ட்ரெப்போ'. ஆனால் மறக்க முடியாத இடம் ஜாக்சன் படத்தின் முடிவில் இருக்கிறது. போர் முடிந்து பழைய வேலைக்குத் திரும்பியவரிடம் உடன் வேலை செய்பவர் கேட்கிறார்: எங்கே ஆளையே காணோம், நைட் ஷிப்டா?