வெள்ளவத்தையில் பேனிக் அட்டாக்குக்குத் தமிழில் உளவளத்துணை: லிப்ட் இல்லை, ஆனாலும் போகலாம்

கொழும்பில் பேனிக் அட்டாக்குக்கு (திடீரென்று உடம்பையே உலுக்குகிற கடும் பயம்) தமிழிலேயே கதைத்துச் சிகிச்சை எடுக்க இடம் இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: இருக்கிறது, காசு கொஞ்சம் கூட, வீட்டுவேலை (அமர்வுக்கு வெளியே நாமே செய்துபார்க்கிற பயிற்சி) நிறையத் தருவார்கள், அந்த வீட்டுவேலையில்தான் சுகமே இருக்கிறது. நான் போகிற இடம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், மூன்றாம் மாடி. ஒரே ஒரு மிஸ் (உளவளத்துணையாளர்) நடத்துகிற சின்ன இடம் என்பதால் பெயர் போடவில்லை, போட்டால் ஆளையே அடையாளம் காட்டின மாதிரி ஆகிவிடும். அங்கே எப்படி வேலை செய்கிறார்கள் என்று சொன்னால், நீங்கள் வேறு எங்கே போனாலும் அதை வைத்து அளந்து பார்க்கலாம்.

இங்கே வருமுன் எல்லாரும் சுற்றுகிற சுற்றை நானும் சுற்றினேன். நெஞ்சு படபடவென்று அடித்து, விரல்கள் விறைத்து, மூச்சு எடுபடாமல், இந்தா போகப்போகிறேன் என்ற பயத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓடினேன். ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, தைரொயிட், எல்லாம் நோர்மல். வயிற்றுக் காஸ் ஆக இருக்கும், ரெஸ்ட் எடுங்கள் என்று சொல்லி பில்லைத் தந்து அனுப்பினார்கள். பிறகும் வந்தது, பிறகும் ஓடினேன், பிறகும் காஸ். பேனிக் அட்டாக் என்று அங்கே ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லை, எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல் அதுதான். முதல் தடவை நெஞ்சுக்குள் இப்படி வந்தால் பரிசோதிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை (1990 அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்). ஆனால் இதயத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, அப்போ இது என்ன என்ற கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டாமா? வீட்டில் அம்மா அது கண்ணூறு என்று முடிவெடுத்து பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் அர்ச்சனை செய்வித்தார். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரி பில்லோடு பார்த்தால் மலிவும்கூட.

சரி, சென்டருக்கு வருவோம். முதல் நாள் முழுக்கக் கேள்விதான். எப்போது தொடங்கியது, நித்திரை எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி, குடி உண்டா, என்ன மருந்து எடுக்கிறீர்கள், செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்றும் மிஸ் நேராகவே கேட்டார். அதற்குப் பிறகு ஒரு தாளில் வட்டம் கீறினார். நெஞ்சு அடிக்கிறது, அதைப் பார்த்து ஹார்ட் அட்டாக் என்று மனம் சொல்கிறது, பயம் வருகிறது, பயத்தில் அட்ரினலின் சுரந்து நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது, பார், நான் சொன்னது சரிதானே என்று மனம் திரும்பவும் சொல்கிறது. டேவிட் க்ளார்க் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1986இல் எழுதிய விளக்கமாம் இது. விரல் விறைப்பதற்கும் காரணம் சொன்னார்: பயத்தில் தேவைக்கு மேலாக மூச்சு விடுகிறோம், இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது, அதனால்தான் விறைப்பும் தலைச்சுற்றும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் தானாகவே இறங்கிவிடும் என்றும் சொன்னார். இவ்வளவையும் தமிழில் கேட்டபோதுதான் எனக்கு ஏறியது, ஏனென்றால் பயம் வருகிற நேரத்தில் மண்டைக்குள் ஓடுவதெல்லாம் தமிழில்தானே.

இனித்தான் முக்கியமான விஷயம். நான் எதிர்பார்த்துப் போனது என்னை யாராவது ஆறுதல்படுத்துவார்கள் என்று. மிஸ் செய்தது அதற்கு நேர் எதிர். ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார், மெல்லிய ஸ்ட்ரோவால் மட்டும் மூச்சு எடுக்கச் சொன்னார், சுழல் கதிரையில் உட்காரவைத்துச் சுற்றவிட்டார். அட்டாக்கில் வருகிற அதே உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்து, வந்தாலும் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்கே பழக்குகிறார்கள். லிப்ட் இல்லாத கட்டடம் என்று முதல் நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டு ஏறினேன். பிறகு பார்த்தால் அந்த மூன்று மாடிப் படியும் வைத்தியத்தில் சேர்த்தி, ஓடி ஏறி வந்து நெஞ்சு அடிக்க அடிக்க உட்கார்ந்து கதைக்க வேண்டும், தண்ணீர் கேட்கக்கூடாது. தண்ணீர்ப் போத்தல், சட்டைப் பையில் ஒரு மாத்திரை, பஸ்ஸில் கதவோரச் சீட், மனைவிக்கு அடிக்கொருதரம் கோல், இதெல்லாம் என்னைக் காப்பாற்றுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயத்தை வளர்ப்பதே அதுகள்தான் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வீட்டுவேலையும் அதே மாதிரித்தான்: 100ஆம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் நடுச்சீட்டில் போகவேண்டும், பழகியதும் கொள்ளுப்பிட்டி, அப்புறம் கோட்டை. ஒவ்வொரு தடவையும் ஏறுமுன் பயம் பத்துக்கு எத்தனை, இறங்கும்போது எத்தனை என்று தாளில் எழுத வேண்டும். ஒஃபிஸ் நேரத்து 100இல் நடுச்சீட் கிடைப்பதே தனிப் போராட்டம், அது வேறு கதை.

முன்பு இன்னொரு இடத்திலும் கொஞ்சக் காலம் உளவளத்துணைக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷி, அன்பாகக் கேட்பார், ஒவ்வொரு தடவையும் பாரம் இறங்கின மாதிரி வெளியே வருவேன், அடுத்த கிழமை அட்டாக்கும் அப்படியே வரும். ஆகவே போகுமுன் போன் பண்ணி, சிபிடி (மேலே சொன்ன மாதிரி எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றுகிற சிகிச்சை) செய்கிறீர்களா, என்ன படித்தீர்கள், பேனிக் உள்ளவர்களை முன்பு பார்த்திருக்கிறீர்களா, வீட்டுவேலை தருவீர்களா என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

மருந்து மிஸ் தரமாட்டார், டொக்டர் இல்லையே. தேவைப்படலாம் என்று நினைத்தால் மனநல மருத்துவரிடம் கடிதம் தந்து அனுப்புகிறார். நானும் போனேன். செர்ட்ரலின் போன்ற மருந்துகள் வேலை செய்யக் கிழமைக் கணக்கில் எடுக்கும், தொடக்கத்தில் படபடப்பு இன்னும் கூடின மாதிரியும் இருக்கலாம், நினைத்தபடி நிறுத்தக்கூடாது என்று அந்த டொக்டர் விளக்கினார். உடனே அடக்குகிற அல்பிரசோலம் வகை மாத்திரைகள் பழக்கமாகிவிடும் என்றும் எச்சரித்தார். சட்டைப் பை மாத்திரை அதுதான்.

இப்போது குறைகள். வெயிட்டிங் ரூமில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள், வெள்ளவத்தையில்! ரிசப்ஷனில் இருக்கிற பிள்ளை ஒருநாள் என்னைப் பார்த்து, “அண்ணா, நீங்கள் அந்த நாற்பத்திரண்டாம் ஒழுங்கை அன்ரியின்ர மருமகன்தானே?” என்று கேட்டுவிட்டாள். அவளுக்கு அது உபசாரம், எனக்கு அன்றைய அமர்வில் பாதி நேரம் போனது அதிலேயே. முதலில் நிரப்புகிற படிவம் ஆங்கிலத்தில் மட்டும்தான், தமிழ்ச் சனத்துக்காக நடத்துகிற இடத்தில் இது சரியில்லை. கடற்கரை ரெயில் போகும்போது கதையை நிறுத்திவைக்க வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் கான்சல் பண்ணினால் முழுக் காசும் போச்சு. பேனிக் உள்ளவன் கடைசி நிமிடத்தில்தானே பின்வாங்குவான், பாதியாவது கழிக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பின்வாங்காமல் இருக்கத்தான் அந்த விதி என்றார் மிஸ். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு கான்சல் பண்ணவில்லை.

ஒரு அமர்வு 4,500 ரூபா, முதல் அமர்வு மட்டும் 6,000. எல்லாராலும் முடியாது. முடியாதவர்கள் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்குப் போகலாம், அங்கே காசு இல்லை, ஆனால் காத்திருக்க நேரத்தை ஒதுக்கிக்கொண்டு போங்கள். அங்கொடையில் இருக்கிற தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, தமிழிலும் கதைக்கலாம். அங்கொட என்ற பெயரைக் கேட்டதும் சனம் முகத்தைச் சுளிக்கிறதை விட்டுவிட வேண்டும், போனில் கதைப்பதற்கு யாரும் அங்கே போகத் தேவையில்லை. ஹோர்ட்டன் பிளேஸில் 1974 தொடக்கம் இயங்கும் சுமித்ரயோ அமைப்பினர் காசு வாங்காமல், வெளியே சொல்லாமல் கேட்பார்கள். அவர்கள் செய்வது மனம்விட்டுக் கதைக்கத் துணை இருப்பது, நான் மேலே சொன்ன மாதிரியான பயிற்சி இல்லை. தனிமையும் கவலையும் அமுக்குகிற இரவுக்கு அந்தத் துணை பெரியது, ஆனால் பஸ் பயத்துக்குப் பயிற்சிதான் வேண்டும்.

எனக்கு இப்போதும் அட்டாக் வருவதுண்டு. குறைவு, வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை, இருந்த இடத்தில் இருந்து அது இறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: சனிக்கிழமைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும், வாரநாளில் பின்னேரம் கேளுங்கள். புக்கிங் வாட்ஸ்அப்பில் மட்டும், பதில் வர ஒரு நாள் எடுக்கும். கீழே பார்க்கிங் இல்லை, ஓட்டோவில் வாருங்கள், அல்லது 100இல்.