வார்த்து எடுத்த கீறல்: போலீஸ் பேட்ஜ் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

இணையத்தில் விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் போலீஸ் ஹெல்மெட் தகடு ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பவர்கள், பணம் அனுப்புமுன் இதைப் படித்துவிடுங்கள். நட்சத்திர வடிவம், மேலே கிரீடம், நடுவில் ‘வி.ஆர்.’ எழுத்துகள், அதாவது ‘விக்டோரியா ரெஜினா’, விக்டோரியா ராணி. ‘ஆர்’ எழுத்தின் காலில் குறுக்கே ஒரு கீறல். இடது கீழ்ப்பக்கம் ஒரு கதிரின் நுனி லேசாக வளைந்திருக்கும். படத்தில் இருப்பது அசல்தான். பார்சலில் வருவது வேறு.

விற்பவர் போட்டிருந்த படங்களில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, ஸ்கேல் பக்கத்தில் வைத்து ஒன்று. கிரீடத்தின் வடிவம் சரி, பின்பக்கக் கொக்கிகள் சரி, வருடக்கணக்காகப் பாலீஷ் போட்ட தேய்மானமும் சரி. அதை நம்பித்தான் வாங்கினேன். நம்பத் தகுந்த படங்கள் அவை.

பிரித்ததும் கனம் உறுத்தியது. அந்தக் காலத் தகடுகள் மெல்லிய உலோகத் தகட்டை டையில், அதாவது வடிவம் செதுக்கிய எஃகுக் கட்டையில், வைத்து அழுத்தி எடுத்தவை. கையில் பூப்போல இருக்கும். இது தடிமனாக, மந்தமாக இருந்தது. ஆனால் படத்தில் பார்த்த கீறல் இருந்தது. வளைந்த கதிரும் அப்படியே இருந்தது. அங்கேதான் குழப்பமே.

பத்து மடங்கு லென்ஸில் அந்தக் கீறலைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. உலோகத்தைக் கூர்மையான ஏதோ ஒன்று கிழித்திருந்தால் கீறலின் இரு கரையும் கத்தி முனைபோல் இருக்கும், உள்ளே கோடு கோடாக இழுத்த தடம் தெரியும். இதில் கரை மழுங்கி, அடியில் பொடிப்பொடியாக மணல் தூவியது மாதிரி ஒரு பரப்பு. அதே பரப்புதான் எழுத்துகளுக்கு இடையிலும், கிரீடத்தின் பள்ளங்களிலும். அதாவது, யாரும் இதைக் கீறவே இல்லை. கீறல் விழுந்த அசலை வைத்து அச்சு எடுத்து, உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். கீறலும் சேர்ந்து வார்ப்பாகிவிட்டது.

பிறகு அவர் படத்தில் இருந்த ஸ்கேலையே சாட்சிக்கு அழைத்தேன். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்த நகல் சாதாரணமாக ஒன்று, இரண்டு சதவீதம் சிறியதாகத்தான் வரும். நுணுக்கமாக அளக்கும் காலிப்பர் கருவியை வைத்து அளந்தால், படத்தில் ஸ்கேல் காட்டும் அகலத்தைவிட என் கைக்கு வந்தது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு. போலிக்காரர்கள் பழுப்பேற்றக் கற்றுக்கொள்கிறார்கள், களிம்பு பிடிக்கவைக்கக் கற்றுக்கொள்கிறார்கள், இந்தச் சுருக்கத்தை மறைக்க மட்டும் பெரும்பாலானவர்கள் மெனக்கெடுவதில்லை. அளந்து பார்ப்பவர்கள் குறைவு என்று அவர்களுக்குத் தெரியும்.

“பின்பக்கம் குழிவாக இருந்தால் அசல், தட்டையாக இருந்தால் போலி” என்று நம்மிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. அதை நம்பி இனி ஏமாற வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்த்து அச்சு எடுக்கிறார்கள். குழிவும் நகலில் வந்துவிடுகிறது. தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வழி. தினமும் துணியால் தேய்த்த தகட்டில் மேடுகள் வழவழவென்று தேய்ந்திருக்கும். துணி எட்டாத பள்ளத்தில் டை பதித்த கோடுகள் இன்னமும் கூர்மையாக நிற்கும், காய்ந்த பாலீஷ் வெள்ளையாகவோ பச்சையாகவோ அடைந்து கிடக்கும். வார்ப்பில் மேடும் மழுங்கல், பள்ளமும் மழுங்கல். விளிம்பையும் விடாதீர்கள்: டையில் வெட்டுப்பட்ட விளிம்பு செங்குத்தாக, சுத்தமாக இருக்கும். என்னிடம் வந்ததில் அரம் போட்டு ராவிய தடம், ஓரிடத்தில் ஊசிமுனை அளவு குமிழிப் பள்ளம் இரண்டு.

விற்றவருக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. “சார், படத்தில் இருக்கிற கீறல் உங்க கையில இருக்கிற தகட்டிலும் இருக்கா, இல்லையா? அப்புறம் எப்படி வேற பொருள்னு சொல்றீங்க?” பெரிதாக்கிய படங்களையும் அளவையும் அனுப்பினேன். “எங்க தாத்தா போலீஸ்ல இருந்தவர், குடும்பத்துல வந்தது” என்றார். அதற்கும் மசியவில்லை என்றதும் கெட்டித்தாளில் தங்க ஓரம் போட்ட ‘நம்பகச் சான்றிதழ்’ ஒன்றை ஸ்கேன் செய்து அனுப்பினார். கையெழுத்து அவருடையதே! தன் பொருளுக்குத் தானே சாட்சி. தாத்தா கதையும் சான்றிதழும் சேர்ந்து வந்தால் இரட்டை எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இவரை விட்டுவிடுவோம். இதே வகைத் தகடுகளில் கிரீடத்தை வைத்துக் காலம் கணிப்பது வழக்கம். 1901க்குப் பிறகு 1952 வரை மன்னர்கள் காலம். கிரீடத்தின் வளைவுகள் மேலே உருண்டு குவிந்திருக்கும், நாம் ராஜா கிரீடம் என்போம். எலிசபெத் வந்த பிறகு 1950களில் ராணி கிரீடம். வளைவுகளின் நடுப்பகுதி உள்வாங்கித் தாழ்ந்திருக்கும். இவ்வளவு காலம் ராஜா கிரீடம் என்றாலே 1952க்கு முந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இனி முடியாது. 2022இல் சார்லஸ் மன்னர் மறுபடியும் அந்த உருண்ட டியூடர் கிரீடத்தையே எடுத்துக்கொண்டார். மன்னரின் எழுத்துகள் இல்லாமல் கிரீடம் மட்டும் உள்ள பேட்ஜில், நேற்று அடித்ததைப் பழுப்பேற்றி ஜார்ஜ் மன்னர் காலத்தது என்று தள்ளிவிட வழி திறந்துவிட்டது. இது பற்றி யாரும் அதிகம் பேசாததுதான் எனக்கு ஆச்சரியம்.

பூச்சையும் கவனியுங்கள். குரோம் பூச்சு வணிகத்துக்கு வந்ததே 1920களில். விக்டோரியா கிரீடத்தோடு பளபளவென்று குரோம் பூசிய தகடு வந்தால், விற்பவரிடம் விளக்கம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. தயாரிப்பாளர் முத்திரை இருந்தால் அசல் என்ற வாதமும் செல்லாது. பேட்ஜையே வார்ப்பவனுக்கு முத்திரை ஒரு பாரமா? தவிர, பழைய அசல் டையை வைத்தே பின்னாளில் அடித்த மறு அடிப்புகளும் உண்டு. அவற்றில் கோடுகள் கூர்மையாகவே இருக்கும். உலோகமும் கொக்கியும் பற்றவைப்பும்தான் காட்டிக்கொடுக்கும். நான் அதிகம் தடுமாறுவது இவற்றில்தான்.

அமெரிக்கப் பக்கம் சேர்ப்பவர்களுக்கு ஒன்று மட்டும். ‘டெக்சாஸ் ரேஞ்சர் 1880’ என்கிற மாதிரி வருஷம் போட்ட நட்சத்திரங்கள் நிறைய உலவுகின்றன. ரேஞ்சர்கள் என்பது டெக்சாஸ் மாநிலத்தின் காவல் படை. 19ஆம் நூற்றாண்டு ரேஞ்சர்களில் பெரும்பாலோர் பேட்ஜே அணியவில்லை. இன்று அவர்கள் அணியும், மெக்சிகோவின் ஐந்து பெசோ வெள்ளி நாணயத்திலிருந்து செய்யும் வடிவம் 1962இல் வந்தது. வேகோ நகரில் உள்ள ரேஞ்சர் அருங்காட்சியகமே சந்தையில் உலவும் போலிகள் பற்றி எச்சரிக்கிறது. அந்த வருஷம் போட்ட நட்சத்திரங்கள் அசலின் நகல்கூட இல்லை, இல்லாத ஒன்றின் நகல்! எனாமல் உள்ள பேட்ஜாக இருந்தால், கண்ணில் படாத ஓரத்தில் ஊசியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள்: சூளையில் சுட்ட கண்ணாடி எனாமல் இறங்காது, பெயின்ட்டும் பிசினும் இறங்கிவிடும். இப்போது பணியில் இருப்பவர்கள் அணியும் பேட்ஜ் விற்பனைக்கு வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அசலோ போலியோ, பல நாடுகளில் சட்டச் சிக்கல்.

என் விஷயம்: விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தேன். ஸ்கேல் படத்தையும் காலிப்பர் படத்தையும் அருகருகே வைத்த பிறகுதான் தகட்டுக்கான பணம் திரும்பியது. திருப்பி அனுப்பிய செலவு என் தலையில். அவர் கணக்கு மூடப்பட்டது. சில வாரத்தில் அதே படங்கள், அதே கீறல், வேறு பெயரில். இந்த முறை ஸ்கேல் வைத்த படம் மட்டும் இல்லை. விற்பவரிடம் அதைக் கேளுங்கள். கூடவே அன்றைய தேதி எழுதிய சீட்டை ஒட்டி வைத்து, தகட்டைச் சாய்த்துப் பிடித்து எடுத்த பின்பக்கப் படம் ஒன்றும், கிராமில் எடையும். நான் வேறொரு பெயரில் கேட்டுப் பார்த்தேன், இன்னும் பதில் வரவில்லை.