சிவப்புத் தொப்பிக்காரிக்கு மூன்று கதை: எதை வரைவது?

"48 பக்கம். பதினாறு பதினாறா மூணு பாரம். அதுக்கு மேல அச்சடிக்கக் காசில்லை, மாப்ள." மதுரை சிம்மக்கல் டீக்கடையில் உட்கார்ந்ததும் நண்பன் முதலில் சொன்னது இதைத்தான். பகலில் ஃப்ளெக்ஸ் டிசைன், ராத்திரியில் காமிக்ஸ் என்று ஓடுகிறவன். சிவப்புத் தொப்பி போட்ட சிறுமி, பாட்டி வீடு, ஓநாய் என்று எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கதையை டார்க் ஃபேன்டசியாக, அதாவது திகில் கலந்த மாயக்கதையாக, வரைய வேண்டும் என்பது அவன் ஆசை. வசனம் என் பொறுப்பு. ஒரே கதைதானே என்று நினைத்துத் தேடினால் அதில் மூன்று கதை இருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

முதலாவது 1697இல் பாரீஸில் சார்ல் பெரோ அச்சேற்றியது. ஓநாய் பாட்டியைத் தின்கிறது, பிறகு சிறுமியைத் தின்கிறது, அவ்வளவுதான் கதை. காப்பாற்ற யாரும் வருவதில்லை. கீழே ஒரு நீதிப்பாட்டு மட்டும் உண்டு: நைச்சியமாகப் பேசிக்கொண்டு பின்னாலேயே வருகிற ஓநாய்தான் இருப்பதிலேயே மோசமானது.

நண்பனுக்கு இதன் மேல்தான் முதலில் கண். காரணம் குஸ்தாவ் டோரே என்ற பிரெஞ்சு ஓவியர். 1862 பதிப்புக்கு அவர் வரைந்த படத்தில் பாட்டியின் தொப்பியோடு ஓநாய் படுத்திருக்கும். பக்கத்தில் போர்வையை மார்போடு இழுத்துப் பிடித்தபடி, அதன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சிறுமி. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஆனாலும் அடிவயிறு கலங்கும். அதைப் பார்த்த பிறகு ஓவியம் தெரிந்த எவனுக்கும் கை பரபரக்கத்தான் செய்யும்.

எனக்கு இடித்தது வேறு. பெரோ கதையில் அந்தப் பெண் எதுவுமே செய்வதில்லை. மாட்டுகிறாள், சாகிறாள், அப்புறம் நீதிப்பாட்டில் திட்டும் வாங்குகிறாள். 'ஆறு மணிக்கு மேல பொம்பளப் பிள்ளைக்கு வெளிய என்ன வேல' என்று நம்மூர்ப் பெரிசுகள் சொல்வதைப் பிரெஞ்சில் சொன்ன மாதிரி இருக்கிறது. 48 பக்கம் வரைந்து அதைச் சொல்வானேன்?

இரண்டாவது கிரிம் சகோதரர்கள் 1812இல் போட்டது, பாடப்புத்தகத்துக்கு வந்தது. வேட்டைக்காரன் கத்தரியால் ஓநாயின் வயிற்றை வெட்ட, சிறுமியும் பாட்டியும் உயிரோடு வெளியே வருகிறார்கள். வயிற்றில் கல்லை ரொப்புகிறார்கள், ஓநாய் எழுந்து ஓடப் பார்த்து விழுந்து சாகிறது. கத்தரியும் கல்லும் காமிக்ஸுக்கு அருமையான சாமான்கள். ஆனால் அந்த வேட்டைக்காரன், பழைய படங்களில் சண்டையெல்லாம் முடிந்த பிறகு வருமே போலீஸ் ஜீப், அது மாதிரி வருகிறான். முதல் 40 பக்கமும் எங்கே இருந்தான் என்று வாசகன் கேட்டால் பதில் இல்லை. இதே கிரிம் கதைக்கு ஒரு வால் உண்டு, பலருக்குத் தெரியாது: இன்னொரு ஓநாய் கூரையில் ஏறிக் காத்திருக்கிறது. தொத்திறைச்சி வேகவைத்த தண்ணீரை வாசலில் இருக்கும் கல்தொட்டியில் ஊற்றச் சொல்கிறாள் பாட்டி. வாசனைக்குக் கழுத்தை நீட்டி நீட்டி, சறுக்கி, தொட்டியிலேயே விழுந்து சாகிறது. சிரிப்பு வருகிற சாவு. இந்தக் கதையை ஓரமாக வைத்தோம்.

மூன்றாவதுதான் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது. பிரான்சில் நியேவ்ர் என்ற பகுதியில் 1885 வாக்கில் அஷீல் மில்லியன் என்பவர் நாட்டுப்புற மக்களிடம் கேட்டு எழுதியது. புத்தகத்துக்குப் போகாமல் வாய்வழியாகவே ஓடிய கதை. இதில் சிவப்புத் தொப்பியே கிடையாது. வெறும் ஓநாயும் இல்லை, ஓநாயாக மாறும் மனிதன். வழியில் மறித்து, "எந்தப் பாதையில் போகிறாய், ஊசிப் பாதையா, குண்டூசிப் பாதையா?" என்று கேட்கிறான். பாட்டியைக் கொன்று கறியை அலமாரியிலும் ரத்தத்தைப் புட்டியிலும் வைத்துவிட்டு, வந்த சிறுமியிடம் 'சாப்பிடு' என்கிறான். அவள் சாப்பிடுகிறாள். பூனை ஒன்று அவளைக் காறித் துப்பாத குறையாக ஏசுகிறது.

இங்கே நண்பன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். இதையெல்லாம் நம்மூரில் போட்டால் என்ன சொல்வார்கள் என்று. சிறுத்தொண்டர் கதையில் பிள்ளைக்கறி சமைத்ததைக் கோயிலில் உட்கார்ந்து கேட்கிற சனம்தான் நாம், பயப்படாதே என்றேன். ஆனால் கறியைக் காட்டக் கூடாது, பூனையின் முகத்தை மட்டும் காட்டலாம் என்று முடிவானது.

முடிவுதான் முக்கியம். கட்டிலில் படுத்த பிறகு சிறுமிக்குப் புரிந்துவிடுகிறது. அவசரமாக வெளியே போக வேண்டும் என்கிறாள். காலில் கயிறு கட்டி அனுப்புகிறான். முற்றத்தில் நின்ற பிளம் மரத்தில் அந்தக் கயிற்றைக் கட்டிவிட்டு ஓடித் தன் வீட்டுக்குள் புகுந்து தப்பிக்கிறாள். வேட்டைக்காரனும் இல்லை, நீதியும் இல்லை. ஒண்ணுக்குப் போகிறேன் என்று சொன்ன ஒரு பொய்தான்.

இனி, பாட்டி வேஷத்தில் படுத்திருப்பதைப் பார்த்து 'இது ஏன் இவ்வளவு பெரிசு' என்று சிறுமி கேட்கிற அந்தக் கேள்வி பதில். அதில்தான் எந்தக் கதையும் நிற்கும் விழும். பெரோவில் கை, கால், காது, கண், பல் என்று ஐந்து கேள்வி. கிரிமில் காது, கண், கை, வாய் என்று நாலு. வாய்வழிக் கதையில் உடம்பு மயிர், நகம், மூக்கு என்று பட்டியல் நீளுகிறது. மூக்குத் துவாரம் ஏன் இவ்வளவு பெரிசு என்றால் 'பொடி போடத்தான்' என்கிறது அது. பொடி போடும் கிழவியைப் பார்க்காத மதுரைக்காரர் உண்டா? நான் எழுதிய வசனம்:

"அம்மாச்சி, ஒனக்கு ஏன் மூக்கு இம்புட்டுப் பெருசு?"

"பொடி போடத்தேன் தாயி."

1972இல் வந்த முத்து காமிக்ஸ் முதல் இதழிலிருந்து எல்லாவற்றையும் தேடித் தேடிச் சேர்த்தவன் நண்பன். சஸ்பென்ஸை எங்கே வைப்பது என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேள்வி வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில், பதில் புரட்டினால் இடப்பக்கத்தில். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அப்படிச் செய்தால் ஒன்றுக்கு இரண்டு பக்கம் போய்விடும். மூன்று பாரத்தில் அது கட்டாது. மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் புரட்டல், மற்றதெல்லாம் ஒரே பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள்.

மிருகம் எது என்பதில் சண்டை. ஓநாய் வேண்டாம் என்றேன். உருமாறுவது என்றால் இந்த ஊருக்கு நரிதான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 59ஆம் படலம் நரி பரியானது, 60இல் பரி மறுபடி நரியாகிறது. ராத்திரியில் லாயத்துக்குள்ளேயே உருமாறி, ஏற்கெனவே நின்ற நிஜக் குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. பாடு பட்டது மாணிக்கவாசகர். நண்பன் சிரித்தான்: "நரி அம்மாச்சிய முழுங்குமா? கோழிய முழுங்குறதே பாடு." நியாயம்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனே தாளில் ஒன்று கிறுக்கினான். போர்வைக்குள்ளிருந்து நீளும் குதிரைக் கழுத்து, அதன் நுனியில் நரி வாய். அன்று ராத்திரி முழுசாகத் திரும்பாமல் பாதியில் நின்றுபோன ஒரு பரி! பிரான்சின் ஓநாய் மனிதனுக்குப் பதில் இது.

அப்புறம் ஊசிப் பாதையும் குண்டூசிப் பாதையும் நெருஞ்சிப் பாதை, கருவேலப் பாதை ஆயின. அம்மாச்சி வீடு கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்தில். தொப்பி இல்லாததால் சிவப்புக்கு என்ன செய்வது என்று தவித்தபோது சுங்குடி ஞாபகம் வந்தது. புத்தகம் கறுப்பு வெள்ளை, சேலை மட்டும் சிவப்பு, வெள்ளைப் புள்ளிகள். சுங்குடிப் புள்ளி ஒவ்வொன்றும் துணியில் போட்ட ஒரு முடிச்சின் தடம். முடிச்சு போடும் வேலைக்குப் போகிற பிள்ளை காலில் கட்டிய கயிற்றை இருட்டில் அவிழ்த்து மரத்தில் கட்டுவாள் என்றால் யார் நம்பமாட்டார்கள்? பெரோவிடமோ கிரிமிடமோ இதைச் செருக இடமே இல்லை.

பிளம் மரத்துக்குப் பதில் முருங்கை என்றேன், வேதாளத்துக்காக. தங்கச்சி மகள் பென்சில் படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, முருங்கைக் கெளை ஒடிஞ்சிருமே, அது இழுத்தா?" என்றாள். அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு, அடிமரத்தோடு சேர்த்துக் கட்டுகிற மாதிரி நண்பன் மறுபடி வரைந்துகொண்டிருக்கிறான்.