சமைத்துப் பார், முதல் பாகம்: கையளவுக்குக் கணக்குச் சொன்ன புத்தகம்

தூத்துக்குடிக்காரி நான். எங்கள் அடுப்படியில் பெருங்காயத்தைவிடக் கருவாட்டு வாசம்தான் அதிகம். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதல் பாகத்தை நான் வாங்கியதும், "உனக்கு எதுக்குக்கா இது?" என்று தங்கை கேட்டாள். மைசூர் ரசத்துக்காக வாங்கினேன். பக்கத்து வீட்டு மாமி அதை வைக்கும் நாளெல்லாம் ஒரு டம்ளர் எனக்கும் வரும். போன வருஷம் மாமி மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். கிளம்பும்போது பக்குவம் கேட்டேன். "எனக்கே மீனாட்சி அம்மாள் புஸ்தகம்தான்மா சொல்லிக்குடுத்தது" என்றார்.

புத்தகம் வந்தது 1951இல். உறவினரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டியதால் மீனாட்சி அம்மாள் எழுத உட்கார்ந்தார். மூன்று பாகங்கள் எழுதினார். கல்யாணமாகி வெளியூரும் வெளிநாடும் போகும் பெண்களின் பெட்டியில் சீரோடு சீராக இதுவும் போயிருக்கிறது. அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இல்லாமல் அடுப்பு முன் தனியாக நிற்பவளுக்காகவே எழுதியது போல இருக்கும். "தேவையான அளவு" என்று சொல்லி நழுவாமல் அளவைச் சொல்கிறார். இந்தப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

ஆனால் அளவுகள் அந்தக் காலத்தவை. மெட்ரிக் முறைக்கான சட்டமே 1956இல்தான் வந்தது. அதனால் ஆழாக்கும் ரூபாய் எடையும் வரும். படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு. ரூபாய் எடை என்பது ஒரு தோலா, சுமார் பதினொன்றரை கிராம். பாட்டியின் பித்தளை ஆழாக்கைப் பரணிலிருந்து இறக்கித் துலக்கி வைத்துக்கொண்டேன்.

முதல் தடவை ரசம் உப்புக் கரித்தது. அந்தக் காலத்து அடுப்படியில் இருந்தது கல்லுப்பு. நான் போட்டதோ தூள் உப்பு. ஒரு ஸ்பூன் கல்லுப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும். தூள் அடைந்து நிற்கும், அதனால் எடை கூடும். உப்பளத்து ஊரில் வளர்ந்தவளுக்கு அது உடனே பிடிபட்டது. இரண்டாம் தடவை கல்லுப்பே போட்டேன். தனியா, கடலைப்பருப்பு, மிளகு, மிளகாயை நெய்யில் வறுத்து, தேங்காய் சேர்த்து அரைத்தேன். இத்தனூண்டு விழுது மிக்ஸியின் பிளேடில் படாமல் ஜாரின் அடியில் ஒட்டிக்கொள்ளும். பருப்புத் தண்ணீர் ஒரு கரண்டி விட்டால் அரைபடுகிறது. புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்ததும் விழுதையும் பருப்பையும் சேர்த்து, நுரை கூடி விளிம்புக்கு ஏறும் நேரத்தில் இறக்கினேன். மாமி வீட்டு வாசனை அப்படியே வந்தது. கண் கலங்கிவிட்டது.

குறையும் உண்டு. இது சைவம் மட்டுமே, அதிலும் பிராமண வீட்டுச் சமையல். மீன், கறி, கருவாடு எதுவும் கிடையாது. தமிழ்ச் சமையல் மொத்தமும் இதற்குள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். இன்னொன்று, புத்தகம் மேடையில் விரித்தபடி நிற்காது. மேலே தோசைக்கரண்டியை வைத்துத்தான் படிக்கிறேன். இருந்தாலும் புதிதாகச் சமைக்க வருபவர்களுக்கு முதலில் இதைத்தான் வாங்கித் தருவேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சாளை மீன் குழம்புக்குக் கணக்குக் கேட்டேன். "புளி ஒரு உருண்டை, மல்லி ஒரு கை" என்றாள். எழுபத்தொரு வயதுக் கை அது. மல்லியை அள்ளியவளை, "சட்டியில போடாதம்மா, இதுல போடு" என்று ஆழாக்கை நீட்டினேன். "இது என்ன புதுப் பழக்கம்?" என்றாலும் போட்டாள். முக்கால் ஆழாக்கு. புளியைத் தராசில் வைத்தோம்: நாலு ரூபாய் எடைக்குக் கொஞ்சம் குறைவு. நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி, பக்கத்திலேயே கிராமிலும் குறித்துக்கொண்டேன்.