நம் குளங்களுக்கு எந்தச் செயற்கைக்கோள்? சென்டினல்-2, லேண்ட்சாட், ஓஷன்சாட்-3

போன ஒரு வருடமாகக் கன்னியாகுமரி மாவட்டத்துச் சுசீந்திரம், தேரூர் குளங்களையும் பக்கத்தில் உள்ள சில சின்னக் குளங்களையும் செயற்கைக்கோள் படங்களில் பார்த்து வருகிறேன். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, பாசி எப்போது ஏறுகிறது, ஆகாயத்தாமரை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. தொடங்கும்போது மூன்று வழிகள் இருந்தன: ஐரோப்பாவின் சென்டினல்-2, அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9, இஸ்ரோ 2022 நவம்பரில் ஏவிய ஓஷன்சாட்-3. நான் சென்டினல்-2 பக்கம் போனேன். இப்போதும் அதில் மாற்றமில்லை.

மூன்றின் தரவையும் காசில்லாமல் எடுக்கலாம். சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும். லேண்ட்சாட் இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறை. ஓஷன்சாட் இரண்டு நாளுக்கு ஒருமுறை. இதை மட்டும் பார்த்தால் ஓஷன்சாட்தான் மேல் என்று தோன்றும். ஆனால் குளத்தைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: கரை.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. பரப்பு சுமார் 94 ஹெக்டேர். ஓஷன்சாட் படத்தின் ஒரு பிக்சல், அதாவது ஒரு கட்டம், பக்கத்துக்கு ஏறக்குறைய 360 மீட்டர், பரப்பில் 13 ஹெக்டேர். மொத்த ஈரநிலத்துக்கும் ஏழு கட்டம்தான் கிடைக்கும். அந்த ஏழிலும் கரை, வயல், தென்னை எல்லாம் கலந்திருக்கும். லேண்ட்சாட்டின் 30 மீட்டரில் ஆயிரத்துக்கும் மேல் கட்டங்கள். சென்டினல்-2இன் 10 மீட்டரில் ஒன்பதாயிரத்துக்கும் மேல்.

பெரிய குளத்துக்கு லேண்ட்சாட்டே போதாதா என்று கேட்கலாம். போதும். சிக்கல் சின்னக் குளத்தில்தான். இரண்டு ஹெக்டேர் குளம் ஒன்றைச் சதுரமாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கம் 141 மீட்டர். லேண்ட்சாட்டில் ஒரு பக்கத்துக்கு ஐந்து கட்டம்கூட முழுதாக வராது. சுற்றிலும் கரை கலந்த ஒரு வரிசையைக் கழித்தால் நடுவில் ஏழெட்டுதான் மிஞ்சும். சென்டினல்-2இல் அதே கழிவுக்குப் பிறகும் நூற்றுக்கு மேல் நிற்கும். கரையைக் கழிக்காமல் விட்டால் என்ன ஆகும்? கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்குச் சற்று அப்பால் உள்ள அண்மை அகச்சிவப்பு அலைவரிசையில் தண்ணீர் கிட்டத்தட்டக் கறுப்பு, இலையோ பளிச்சென்று தெரியும். கட்டத்தில் ஒரு மூலை தென்னை ஓலை விழுந்தாலும் குளம் முழுக்கப் பாசி என்று கணக்கு சொல்லும். முதல் மாதம் லேண்ட்சாட்டில் ஒரு குளம் எப்போதும் பச்சையாகவே வந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். தண்ணீர் தெளிவு. கரை முழுக்கத் தென்னை. அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

பாசியின் பச்சையத்தைக் காட்டும் 705 நானோமீட்டர் அலைவரிசை சென்டினல்-2இல் உண்டு, லேண்ட்சாட்டில் இல்லை. அது 20 மீட்டரில்தான் வருகிறது. அப்படியும் மேலே சொன்ன குளத்தில் இருபத்தைந்து நல்ல கட்டங்கள் தேறும்.

குறையும் உண்டு. செயற்கைக்கோளுக்குப் போகும் ஒளியில் பெரும்பகுதி காற்று மண்டலத்தில் சிதறியதுதான், தண்ணீரிலிருந்து வருவது கொஞ்சம். அந்தச் சிதறலைக் கழித்துத் திருத்தி வரும் படத்தை அப்படியே நம்பாதீர்கள். அந்தத் திருத்தம் நிலத்துக்கானது. தண்ணீருக்கென்று அகோலைட் போன்ற மென்பொருள் இருக்கிறது. அப்புறம் மேகம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஜூனிலும் நவம்பரிலும் பல வாரம் வெள்ளைப் படமே வரும். அந்த மாதங்களில் லேண்ட்சாட்டையும் சேர்த்துப் பார்க்கிறேன். பூவுக்காக வளர்க்கும் தாமரையையும் ஆகாயத்தாமரையையும் படத்தில் பிரிப்பது எனக்கு இன்னும் கைவரவில்லை. இலை இலைதான் என்று தெரிகிறது.

பழைய வரலாறு வேண்டுமென்றால் லேண்ட்சாட் ஒன்றே வழி. 30 மீட்டரில் 1984 வரை பின்னால் போகலாம். சென்டினல்-2 2015இல்தான் மேலே போனது. நீரின் வெப்பமும் லேண்ட்சாட்டில் உண்டு, சென்டினல்-2இல் கிடையாது.

கடலுக்கு வந்தால் கதை மாறுகிறது. முட்டம், தேங்காய்ப்பட்டினத்துக்கு அப்பால், கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்குள் உள்ள வெட்ஜ் பேங்க் என்ற மீன்பிடி மேட்டுப் பக்கம், கரையே இல்லாத பரப்பில் 360 மீட்டர் தாராளம். அங்கே அடிக்கடி வருவதுதான் முக்கியம். வெயில் தலைக்கு மேல் இருக்கும் மாதங்களில் சென்டினல்-2 நேர் கீழே பார்ப்பதால் அலையில் கண் கூசும் மினுக்கம் விழும். ஓஷன்சாட்டில் அதைத் தவிர்க்கக் கருவியைச் சாய்த்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் மீனவர்களுக்குத் தரும் மீன்வள அறிவிப்பும் கடல் வெப்பம், பச்சையம் ஆகிய இரண்டையும் வைத்துத்தான். கடலில் என் கை அனுபவம் சில படங்களோடு சரி. அதனால் அந்தப் பக்கம் உறுதியாக எதையும் சொல்ல மாட்டேன். மணக்குடிக் காயலை மட்டும் சென்டினல்-2இல் பார்க்கச் சொல்வேன், கழிமுகத்தின் மணல்திட்டு நகர்வது அதில் நன்றாகத் தெரிகிறது.

அரை ஹெக்டேர் ஊர்க்குளம் என்றால் எந்தச் செயற்கைக்கோளும் வேண்டாம். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று வாரம் ஒருமுறை குறித்து வைத்தால் போதும்.